மரம் நட்டால் போதுமா? காங்கேயத்துப் பக்கத்திலிருந்து சில பதில்கள்

உலக நாடுகள் கூடிப் போடும் சுற்றுச்சூழல் ஒப்பந்தங்களுக்கும் நம் காடு தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நான் மேய்ச்சல் நிலம், தீவனப்புல் என்று இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவன். எங்கள் குடும்பத்துக்கே கொறங்காடு என்கிற மேய்ச்சல் காடு இருக்கிறது. அதனால் பேச்சு அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பும்.

அவிநாசி, கல்லூரி மாணவி: வருசா வருசம் மாநாடு நடத்துறாங்க. வெயில் ஏறிட்டேதான் போகுது. இதனால ஏதாவது பிரயோசனம் உண்டாங்கண்ணா?

உண்டும்மா. முழுதாகப் பலித்த ஒன்றை முதலில் சொல்கிறேன். ஃபிரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த சிஎஃப்சி வாயு ஓசோன் படலத்தை அரிக்கிறது என்று தெரிந்ததும், 1987ல் மாண்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டார்கள். பின்னால் உலகத்தின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்தன. மாற்று வாயு கிடைத்தது, ஏழை நாடுகளுக்குப் பண உதவியும் கிடைத்தது. இப்போது படலம் மெல்ல ஆறிவருகிறது. உலகின் பெரும்பகுதியில் 2040 வாக்கில் 1980ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று கணித்திருக்கிறார்கள்.

பூமி சூடேறுவதைக் கட்டுப்படுத்தப் போட்ட பாரிஸ் ஒப்பந்தம் (2015) அவ்வளவு சுலபமான காரியம் இல்லை. ஒரே ஒரு வாயுவை மாற்றினால் முடிகிற கதை இல்லை அது. நிலக்கரி, பெட்ரோல், சிமென்ட், சாப்பாடு எல்லாமே அதற்குள் வருகிறது. சொன்னதைச் செய்யாத நாட்டுக்குத் தண்டனையும் கிடையாது. அமெரிக்கா ஒருமுறை விலகி, திரும்பச் சேர்ந்து, மறுபடி விலகிவிட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி அதிகம். இதெல்லாம் வருத்தம்தான். ஆனால் பாரிஸுக்கு முன்னால் இந்த நூற்றாண்டுக் கடைசியில் 4 டிகிரியை நெருங்குவோம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போதைய நடவடிக்கைகள் அப்படியே தொடர்ந்தால் 3 டிகிரிக்குச் சற்றுக் கீழே என்கிறார்கள். அந்த 1 டிகிரிக்குள் எத்தனை ஊர்களின் மழையும் வெள்ளாமையும் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

ஈரோடு, இளைஞர் குழு: ஆடிப்பட்டத்துக்குள் பத்தாயிரம் மரக்கன்று நட முடிவு செய்திருக்கிறோம். காங்கேயம், மூலனூர்ப் பக்கம் சும்மா கிடக்கிற தரிசில் நடலாமா?

தம்பிகளா, உங்கள் மனசு நல்ல மனசு. ஆனால் தயவுசெய்து அங்கே நடாதீர்கள்.

அது தரிசு இல்லை, கொறங்காடு. மழை குறைந்த சீமைக்கு நம் முன்னோர் பலநூறு ஆண்டுகள் பழகி உண்டாக்கிய மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். கிளுவை முள்வேலியாக நிற்கும், ஆட்டுக்குத் தழையும் தரும். வெள்வேலங்காய் கோடையில் மாட்டுக்குத் தீனி. புல் காய்ந்து கிடந்தாலும் வேர் உயிரோடு இருக்கும், ஒரு மழை விழுந்தால் ஒரு வாரத்தில் பச்சை பிடித்துவிடும். ஒரு காட்டில் மேய்த்து, அதற்கு ஓய்வு கொடுத்து, அடுத்த காட்டுக்கு ஓட்டுவது வழக்கம். காங்கேயம் காளை இந்தப் புல்லில் வளர்ந்ததுதான்.

காற்றில் இருக்கிற கரியை, அதாவது கார்பனை, பிடித்து வைப்பதில் மரம் மட்டும்தான் கணக்கு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். புல்வெளி தன் கரியில் பெரும்பங்கை மண்ணுக்குள் வைத்திருக்கிறது. தீப்பிடித்தாலும் வறட்சி வந்தாலும் அது உள்ளேயே இருக்கும். மண்ணைக் கிளறினால் வெளியே போய்விடும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அமைப்பு வந்து எங்கள் காட்டில் 300 கன்று நட்டுத் தருவதாகச் சொன்னது. நானும் சரி என்றேன். படித்தவன், தெரிந்திருக்க வேண்டும், ஆனால் சொன்னேன். பொக்லைன் வைத்துக் குழி எடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். இரண்டாம் கோடையில் முக்கால்வாசி பட்டுப்போனது. அதுகூடப் பரவாயில்லை. குழி வெட்டிய இடத்திலும் பொக்லைன் ஓடிய தடத்திலும் புல் செத்துப்போய், அந்த இடமெல்லாம் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. அதைப் பிடுங்க நாலு வருடம் ஆனது. என் அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டு வருவார். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

இதே தவறு நீலகிரியில் பெரிய அளவில் நடந்தது. சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளிகளைப் பயனில்லாத நிலம் என்று நினைத்து சீகை என்கிற வாட்டில் மரத்தையும் யூகலிப்டஸையும் நட்டார்கள். ஓடைகள் வற்ற ஆரம்பித்தன, வரையாட்டுக்கு மேய்ச்சல் சுருங்கியது. இப்போது அந்த மரங்களை வெட்டிப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள். ஐநா 2021 முதல் 2030 வரையிலான காலத்தைச் சூழல் மீட்புக்கான பத்தாண்டு என்று அறிவித்திருக்கிறது. அதோடு 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாகவும் அறிவித்திருக்கிறது. முன்மொழிந்த நாடு மங்கோலியா. புல்லின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் கன்றுகளை ஊர்ப் பொது இடத்திலும், பள்ளிக்கூடத்திலும், ரோட்டோரத்திலும் நடுங்கள். வேம்பு, புங்கன், ஆலம், இலுப்பை வையுங்கள். பத்தாயிரம் வேண்டாம், மூன்று வருடம் தண்ணீர் ஊற்ற முடிகிற எண்ணிக்கை போதும்.

தாராபுரம், விவசாயி: சோலார் கம்பெனிக்காரங்க குத்தகைக்கு நிலம் கேக்கறாங்க. பருவநிலைக்கு நல்லதுன்னும் சொல்றாங்க. கொறங்காட்டைக் குடுக்கலாமுங்களா?

கடினமான கேள்விங்க. குத்தகைப் பணம் உங்களுக்கு எவ்வளவு தேவை என்று வெளியே இருந்து நான் சொல்ல முடியாது. சூரிய மின்சாரம் நாட்டுக்குத் தேவைதான். 2030க்குள் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி போன்ற எரிபொருள் இல்லாததாக இருக்கும் என்று இந்தியா உறுதி கொடுத்தது. அதை 2025லேயே எட்டிவிட்டோம். திறன் அளவில்தான், ஓடுகிற மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. ஆகவே இன்னும் நிறைய வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, பல்லடம் பக்கம் நிற்கிற காற்றாலை பிடிக்கும் இடம் கொஞ்சம், அடியில் மாடு மேயலாம். சோலார் அப்படி இல்லை. நிலத்தைச் சமப்படுத்தி, கிளுவையைப் பிடுங்கி, வெள்வேலத்தை வெட்டிப் போட்டால் திரும்ப உண்டாக்க ஒரு தலைமுறை போதாது. திருப்பூரிலும் கோவையிலும் கம்பெனிக் கூரை எத்தனை ஏக்கர் வெறுமனே வெயிலில் கிடக்கிறது! முதலில் அது நிரம்பட்டும் என்பது என் கட்சி.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பத்திரத்தில் நான்கு விசயம் எழுதி வாங்குங்கள். மண்ணைச் சமப்படுத்தக் கூடாது. வேலி அப்படியே இருக்க வேண்டும். பேனலை உயரமாக வைத்து அடியில் செம்மறி மேய விட வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இப்படிச் செய்கிறார்கள், புல் வெட்டுகிற செலவு கம்பெனிக்கு மிச்சம். குத்தகை முடிந்ததும் கான்கிரீட்டைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக வேண்டும். நல்ல வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கரூர்: மாடுதான் பூமியைச் சூடாக்குது, மாட்டை ஒழிக்கணும்னு வீடியோவில் சொல்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. மாட்டின் வயிற்றில் தீனி செரிக்கும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகி ஏப்பமாக வெளியே வரும். 20 வருடக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு சூடேற்றும். காற்றில் 12 வருடம்போல்தான் தங்கும் என்பதால் குறைத்தால் பலன் சீக்கிரம் தெரியும். 2030க்குள் 30 சதவீதம் குறைப்போம் என்று 2021ல் கிளாஸ்கோவில் பல நாடுகள் உறுதி எடுத்தன. இந்தியா சேரவில்லை. சிறு விவசாயி பிழைப்பு என்பது ஒரு காரணம், அதில் நியாயம் இருக்கிறது.

நாட்டு மாட்டுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். ஒரு லிட்டர் பாலுக்கு இவ்வளவு மீத்தேன் என்று கணக்குப் போட்டால் காங்கேயம் மாடு தோற்றுவிடும், பால் குறைவு அல்லவா. ஆனால் அது மனிதன் சாப்பிட முடியாத காய்ந்த புல்லைத் தின்று, எருவும் உழைப்பும் கொடுத்து, அந்தப் புல்வெளி உழப்படாமல் இருக்கக் காரணமாக நிற்கிறது. காட்டை வெட்டி விளைவித்த சோயாவைத் தின்னும் பண்ணை மாட்டோடு அதை ஒரே தராசில் வைக்க முடியாது.

திருப்பூர்: நஞ்சராயன் குளத்துக்கு ராம்சர் அந்தஸ்து கிடைச்சுதே, அதனால் குளத்துக்கு என்ன லாபம்?

ராம்சர் என்பது ஈரானில் உள்ள ஊர். நீர்நிலைகளைக் காக்க 1971ல் அங்கே ஒப்பந்தம் போட்டார்கள். நஞ்சராயன் குளம் 2024 ஆகஸ்டில் பட்டியலில் சேர்ந்தது. ராம்சரிலிருந்து யாரும் வந்து சாக்கடையை அடைக்க மாட்டார்கள். அதை நம் சட்டமும் நம் ஊரும்தான் செய்ய வேண்டும். ஆனால் குளத்தில் கை வைக்க நினைப்பவர் இனிமேல் பதில் சொல்லியாக வேண்டும்.

பனிக்காலத்தில் அங்கே வரித்தலை வாத்து வருகிறது, பார்த்திருப்பீர்கள். மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிற பறவை. அங்கே ஏரி வற்றினாலும் இங்கே குளம் நாறினாலும் அதற்கு வழியில்லை. ஒரு நாடு மட்டும் காப்பாற்ற முடியாத உயிர் என்றால் இதுதான்.

தாளவாடி: 2030க்குள் பூமியில் 30 சதவீதத்தைக் காக்கப் போறாங்களாமே, மலையில் இருக்கிற எங்களை இறக்கிவிடுவாங்களோன்னு பயமா இருக்கு.

பயம் நியாயமானது, பழைய அனுபவம் அப்படி. உயிரினங்களைக் காக்க 2022 டிசம்பரில் அதே மாண்ட்ரியலில் முடிவான வேறோர் ஒப்பந்தத்தில் அந்த 30 சதவீதம் இருக்கிறது. அதே பத்தியில் பழங்குடிகள், உள்ளூர் மக்கள் உரிமையை மதிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. சரணாலயம் ஆக்காமல், மக்களே பேணுகிற இடங்களையும் கணக்கில் சேர்க்கலாம். நம் நாட்டில் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. கிராம சபையில் உங்கள் உரிமை பதிவாகாமல் கிடந்தால் முதலில் அதை முடியுங்கள்.

பொள்ளாச்சி, நார் மில் வைத்திருப்பவர்: நாங்க அனுப்பற தேங்காய் நார்த் தூள், அதான் பித், ஐரோப்பாவில் சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு விக்கறாங்க. இங்கே எங்களைக் குற்றவாளி மாதிரி பேசறாங்க. எது சரிங்க?

இரண்டும் சரிங்க. அங்கே நர்சரித் தொட்டியில் பீட் என்ற மண் போடுவார்கள். சதுப்பில் பாசி மக்கி, வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் சேர்ந்தது. உலக நிலப்பரப்பில் 3 சதவீதம்தான் அந்தச் சதுப்பு, ஆனால் எல்லாக் காடுகளின் மரங்களும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகக் கரி அதில் இருக்கிறது. தோண்டினால் கரி காற்றில் கலக்கும். உங்கள் பித் போனால் அந்தத் தோண்டல் குறையும். ஒரு காலத்தில் மலை மலையாகக் குவிந்து கிடந்த கழிவு அது, பெருமைப்படலாம்.

ஆனால் லோ ஈசி, அதாவது உப்புக் குறைந்த பித், வேண்டும் என்று அவர்கள் கேட்க, உப்பைக் கழுவுவது நம் தண்ணீரில். கழுவிய பழுப்புத் தண்ணீர் இறங்குவது பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில். அங்கே சதுப்பு பிழைக்க இங்கே கிணறு கெடுவது நல்ல கணக்கு இல்லை. சிமென்ட் களம் போட்டு, கழிவுநீரைத் தொட்டியில் பிடித்துச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துங்கள். செலவாகும். அந்தச் செலவை விலையில் ஏற்றி வாங்குகிறவரிடம் கேளுங்கள், சங்கமாகச் சேர்ந்து கேட்டால் மறுக்க முடியாது.

கோவை, போல்ட் நட்டு பட்டறை: ஐரோப்பாவின் கார்பன் வரி எங்களுக்கும் உண்டா?

உண்டு. பொருளைச் செய்யும்போது வெளியான கரிக்கு ஏற்ப ஐரோப்பா போடுகிற வரி அது. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் பட்டியலில் உள்ளன. இரும்பில் போல்ட் நட்டும் அடக்கம். வரி கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர், ஆனால் கணக்கு உங்களிடம்தான் கேட்பார். கம்பி வாங்குகிற மில்லிடமிருந்து இப்போதே விவரம் வாங்கி வையுங்கள். பனியன் துணி இப்போதைக்குப் பட்டியலில் இல்லை.

கோபி: நெல் வயலிலும் மீத்தேன் வருமாமே?

வரும். தண்ணீர் எப்போதும் நின்றால் மண்ணுக்குக் காற்றுப் போகாமல் உண்டாகும். நீர் மறைய நீர் கட்டினால் ஏறக்குறைய பாதிவரை குறையும், மகசூலும் பெரிதாகக் குறையாது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது உங்கள் இஷ்டத்துக்குக் கட்ட முடியாது என்பது தெரியும். கிணறு வைத்திருப்பவர் ஆரம்பிக்கலாம்.

வெள்ளகோவில், கால்நடை வளர்ப்பவர்: எங்க கொறங்காட்டில் புல் கெட்டுப்போச்சு. திரும்ப எப்படிக் கொண்டு வர்றதுங்க?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். முதலில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுங்கள், வெட்டி மட்டும் விட்டால் தழைத்துவிடும். கொழுக்கட்டைப் புல் விதை போன வருடத்து விதையாக இருக்கட்டும், புது விதை சரியாக முளைக்காது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் நீலக் கொழுக்கட்டை கோ 1 ரகமும் நம் மண்ணுக்கு நன்றாக வரும். ஐப்பசி மழைக்கு முன்னால், புரட்டாசியில், மணலோடு கலந்து தூவி, முள்ளை இழுத்து லேசாக மூடுங்கள். ஆழம் போனால் முளைக்காது. முதல் வருடம் ஆடு மாடு உள்ளே போகவே கூடாது. கிளுவை இடைவெளி விட்டிருந்தால் கோடையில் போத்து, அதாவது கிளைத் துண்டு, வெட்டி நட்டு வையுங்கள். விதை கிடைக்காவிட்டால் கேளுங்கள், எங்கள் காட்டில் இந்த வருடம் நிறையக் கட்டியிருக்கிறது.