ஆயாவைத் திருத்தாதே

அன்புள்ள ஐயா,

என் ஆயாவுக்கு 84 வயது. தண்டையார்பேட்டையில் எங்களோடுதான் இருக்கிறார். இரண்டு வருடமாக அவர் சொல்லும் பழைய கதைகளை போனில் பதிவு செய்து வருகிறேன், அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் எழுதி வைக்க ஆசை. நாவலாக எழுதலாமா, குடும்ப வரலாறாகவா? ஆயாவின் பேச்சை அப்படியே விடலாமா? தாத்தாவுக்கு முதலில் ஒரு கல்யாணம் நடந்திருக்கிறது, அதை எழுதக் கூடாது என்கிறார் பெரியப்பா. இதைவிடப் பெரிய சிக்கல், ஆயா காலத்தை மாற்றி மாற்றிச் சொல்கிறார். எம்.ஜி.ஆரைச் சுட்ட அன்னைக்குப் புயலில் கூரை பறந்தது என்றார். புயல் அடித்தது 1966 நவம்பர், எம்.ஜி.ஆரைச் சுட்டது 1967 ஜனவரி. கூகுளில் காட்டித் திருத்தினேன். இப்படித் திருத்திக்கொண்டே எழுதினால் சரியாக வருமா?

உங்கள் வாசகி,
தண்டையார்பேட்டை

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை ராத்திரி பத்து மணிக்குப் படித்தேன், அப்புறம் தூக்கம் வரவில்லை. வயதில் நீ என் மகள் மாதிரி, அதனால் நீ என்றே எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவும் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். நாவலா வரலாறா என்பதை இப்போது யோசிக்கவே வேண்டாம். ஆயா "வூடு" என்று சொன்னால் "வூடு" என்றே எழுது. பெரியப்பா விஷயம், நோட்டில் எழுதி வைக்க யார் அனுமதியும் தேவையில்லை, அச்சில் போடுகிற நாள் வந்தால் அவரோடு உட்கார்ந்து பேசிக்கொள். அந்த முதல் மனைவியின் பேராவது உனக்குத் தெரியுமா? அதைக் கேட்டு எழுது முதலில். அறுபது பதிவும் அந்த ஒரு போனில்தான் கிடக்கிறது என்றால் இன்றைக்கே இன்னொரு இடத்தில் காப்பி எடு, ஒவ்வொன்றுக்கும் தேதியும் எதைப் பற்றியது என்றும் பேர் வை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆயாவைக் கூகுளைக் காட்டித் திருத்தினேன் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 84 வயது மனுஷி உன்னிடம் மனசு விட்டுப் பேசுகிறார், நீ போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டித் தேதி காட்டுகிறாய். எப்படி மனசு வந்தது உனக்கு? இதைக் கேட்கிற நானும் அதைச் செய்தவன்தான்.

1985. எனக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து ஆயா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பேச்சுவாக்கில் சொன்னாள்: "எம்டன்காரன் குண்டு போட்டப்போ இடுப்புல புள்ளைய வெச்சிக்கினு கொருக்குப்பேட்டையிலேர்ந்து பொன்னேரிக்கு ஓடுனோம்." நான் அப்போதுதான் எம்டனைப் பற்றிப் படித்திருந்தேன். ஜெர்மன் போர்க்கப்பல், 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னை மேல் குண்டு வீசியது, துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. ஆயா பிறந்ததே அதற்கு ஏழெட்டு வருடம் கழித்து. "ஆயா, அப்போ நீ பொறக்கவே இல்ல" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சிநேகிதன் சிரித்தான். ஆயா கையிலிருந்த காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "அப்படியா கண்ணு, படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். முறத்தோடு கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கப்புறம் ஆறு வருடம் இருந்தாள், அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நானும் கேட்கவில்லை.

அவள் போய் இரண்டு வருடம் கழித்து அவள் தங்கை, எங்களுக்குச் சின்னாயா, ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் தங்கினாள். எந்த வருஷம் என்று கேட்டால் அவளுக்கும் சொல்ல வராது. அதனால் அக்காவுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்தெந்த வீட்டில் குடியிருந்தாள் என்று மட்டும் வரிசையாகக் கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தேன். ஒன்பது வீடு. முதலில் கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் பக்கம் ஓட்டு வீடு. அடுத்தது பொன்னேரி. அதற்கடுத்தது வண்ணாரப்பேட்டையில் எட்டுக் குடித்தனம் இருந்த ஒரு வீடு. பொன்னேரியிலிருந்து திரும்பினவர்கள் ஏன் பழைய வீட்டுக்கே போகவில்லை, வேறு யாராவது குடி வந்துவிட்டார்களா என்று கேட்டேன்.

சின்னாயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. அதில் விரலை நனைத்து சிமெண்ட் தரையில் கோடு போட ஆரம்பித்தாள். இது வாசல், இது திண்ணை, உள்ளே ஒரே அறை, அந்த மூலையில் அடுப்பு. அடுப்புக்கும் வாசலுக்கும் நடுவில் விரலை வைத்தாள். "இங்கதான் புள்ள தவழும்." பொன்னேரிக்குப் போன பத்தாம் நாள் அந்தக் குழந்தை பேதியில் போய்விட்டதாம். ஆண் குழந்தை. "அந்த வூட்டுக்கு மட்டும் வரவே மாட்டேன்னுட்டா." சொல்லி முடிப்பதற்குள் வாசல் கோடு காய்ந்துவிட்டது, அடுப்பு மூலை மட்டும் ஈரமாக இருந்தது.

என் அம்மா 1945இல் பிறந்தவள். தனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும். குழந்தையின் பேர் சின்னாயாவுக்கு மறந்துபோயிருந்தது. கேட்பதற்கு வேறு யாரும் மிச்சமில்லை.

அவர்கள் ஓடியது 1942 ஏப்ரலில். ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டதும், அடுத்தது சென்னைதான் என்று அரசாங்கமே ஜனங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னது. கிடைத்த ரயிலிலும் மாட்டு வண்டியிலும் நடந்தும் ஜனங்கள் கிளம்பினார்கள். சென்னையில் அந்த ஏப்ரலில் குண்டே விழவில்லை. ஆனால் ஆயாவின் அம்மா 1914இல் ஓடியவள், அந்த வீட்டில் குண்டு என்றாலே எம்டன்தான். மகளுக்கும் அந்தப் பேர்தான் வாயில் வந்தது. "இடுப்புல புள்ளைய வெச்சிக்கினு" என்று என் காதில் தெளிவாக விழுந்ததே, அதை விட்டுவிட்டு எம்டனைப் பிடித்துக்கொண்டேன். எந்தப் புள்ள ஆயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் பேர் கிடைத்திருக்கும். நாற்பது வருடம் ஆகிறது, இன்றைக்கும் முருங்கைக்கீரை ஆய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த வாசற்படிதான் ஞாபகம் வருகிறது.

அதனால்தான் சொல்கிறேன், வருஷம் கேட்காதே, வீடு கேள். நம் பக்கத்து ஜனங்கள் வாடகை வீட்டில் வாழ்ந்தவர்கள். ராயபுரத்திலிருந்து காசிமேடு, அங்கிருந்து தண்டையார்பேட்டை, அங்கிருந்து வியாசர்பாடி என்று மாறிக்கொண்டே இருந்தவர்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம் இருக்கும். மில்லில் ஸ்டிரைக், வாடகை பாக்கி, குழாயடிச் சண்டை, குடிசை எரிந்தது, ஓரகத்தியோடு ஒத்துப்போகவில்லை, யாரோ செத்துப்போனார்கள். கதை சொல்லுங்கள் என்று கேட்டால் ஆயா பத்துத் தடவை சொன்ன கதையைத்தான் பதினோராவது தடவையும் சொல்வார். அந்த வீட்டில் தண்ணி எங்கே பிடித்தீர்கள், யார் எங்கே படுத்தார்கள், அட்வான்ஸ் எவ்வளவு, காலி பண்ணின அன்றைக்கு என்னென்ன சாமான் வண்டியில் ஏற்றினீர்கள் என்று கேட்டுப் பார், இதுவரை யாரிடமும் சொல்லாதது வரும்.

வருஷம் வேண்டுமென்றால் அதை நீ உன் நோட்டில் கணக்குப் போட்டுக்கொள். அண்ணா செத்தப்போ எந்த வீடு என்றால் 1969 பிப்ரவரி. பின்னி மில் மூடினப்போ என்றால் 1996. பரணில் பழைய மொய் நோட்டு இருக்கிறதா பார், யார் எந்தத் தெருவிலிருந்து வந்து எவ்வளவு வைத்தார்கள் என்று உங்கள் சொந்தபந்தமே அதில் இருக்கும். பழைய கல்யாணப் பத்திரிகையில் வீட்டு விலாசம் இருக்கும். உங்களுடையது கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலில் ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. ஆயா சொன்னதும் பதிவேட்டில் இருப்பதும் இடித்தால் இரண்டையும் எழுதிவை, ஒன்றை அடித்துவிட்டு மற்றதை எழுதாதே.

இப்போது உன் ஆயாவின் புயலுக்கு வா. கூரை பறந்தது நவம்பர் ஆரம்பத்தில். எம்.ஜி.ஆரைச் சுட்டது ஜனவரி 12. நடுவில் பத்து வாரம். அதற்குள் புதுக் கூரை போட்டாகிவிட்டதா? போட்டிருந்தால் ஓலைக்கும் மூங்கிலுக்கும் காசு யார் கொடுத்தார்கள்? போடவில்லை என்றால், எம்.ஜி.ஆரைச் சுட்ட சேதி வந்த அன்று மேலே கூரை இல்லாமல்தான் அவர் உட்கார்ந்திருந்தார், அவர் சொன்னது அப்படியே சரி. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். கையில் குழந்தை இருந்ததா, எங்கே படுத்தார்கள், உன் தாத்தா வேலைக்குப் போனாரா, அந்த முதல் மனைவி அப்போது உயிரோடு இருந்தாரா?

எனக்கு இதெல்லாம் தெரிய வேண்டும். நாளைக்குக் காலையில் அவர் பக்கத்தில் போய் உட்கார். கூகுளைக் காட்டினது தப்பு ஆயா என்று முதலில் சொல்லு, அப்புறம் கேள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.