விடுதிக் குசினி மிச்சத்தில் அடுப்பு எரியுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

உயிர்வாயு, அதாவது பயோகாஸ் பற்றி வந்த கேள்விகள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டன. மூடிய தாங்கிக்குள் சாப்பாட்டு மிச்சத்தைப் பற்றீரியாக்கள் உடைக்கும்போது வருகிற, அடுப்பில் எரிக்கக்கூடிய வாயு இது. பெரும்பாலானவை வளாகங்களிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்தவை. 2022 இல் காஸ் வரிசையில் நின்றவர்களுக்கு, சிலிண்டரை நம்பாமல் சமைக்கிற ஆசை இன்னும் விட்டுப்போகவில்லை. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாவைத் தொட்டது. கையில் காசு இருந்தும் சிலிண்டர் கிடைக்காததுதான் அதைவிடக் கொடுமை. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

எங்கள் விடுதியில் 600 பிள்ளைகள். மூன்று வேளையும் சேர்த்து 100 கிலோ மிச்சம் வருகிறது. பயோகாஸ் போட்டால் சிலிண்டர் வாங்குவதை நிறுத்திவிடலாமா? (விடுதிப் பொறுப்பாளர், வந்தாறுமூலை)

நிறுத்த முடியாது, குறைக்கலாம்.

முதலில் அந்த 100 கிலோவை இரண்டு கிழமைக்குத் தராசில் நிறுத்துப் பாருங்கள். வாளிக் கணக்கில் சொல்கிற 100 கிலோவில் பாதி, கஞ்சித் தண்ணியும் கோப்பை கழுவிய தண்ணியுமாக இருக்கும். தண்ணீர் வடித்த சோறு, கறி, மரக்கறித் தோல் என்று உண்மையிலேயே 100 கிலோ தேறினால், நன்றாக நடக்கிற தாங்கியிலிருந்து நாளுக்கு 8 கன மீற்றர் வாயு எதிர்பார்க்கலாம். ஒரு கன மீற்றர் உயிர்வாயு தரும் சூடு, ஏறத்தாழ 0.45 கிலோ சிலிண்டர் காஸ் தரும் சூடு. அப்படியானால் நாளுக்கு மூன்றரைக் கிலோ, மூன்றரை நாளுக்கு ஒரு சிலிண்டர். இன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

600 பேருக்குச் சோறு வடிக்க இது காணாது. ஆனால் அடுப்பில் பாதிச் சூடு வீணாகப் போனாலும், 8 கன மீற்றரில் 250 லீற்றருக்கு மேல் தண்ணீர் கொதிக்கும். விடியற்காலைத் தேத்தண்ணியையும் பின்னேரத் தேத்தண்ணியையும் முழுதாக இதற்கு மாற்றலாம். மிஞ்சினால் பருப்பு அவிக்கலாம். ஒரு அடுப்பை இதற்கென்றே ஒதுக்கி, ‘இந்த வேலை இந்த அடுப்பில்’ என்று முடிவு செய்துவிடுங்கள். எல்லா அடுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுத்த இடங்களில் ஒன்றிலும் உருப்படியாக எரிந்து நான் பார்த்ததில்லை.

தாங்கி எவ்வளவு பெரிது? 100 கிலோ மிச்சம், அதே அளவு தண்ணீர், உள்ளே 40 நாள் தங்க வேண்டும் என்றால் 8,000 லீற்றர். சோறு சீக்கிரம் புளிக்கிற சரக்கு என்பதால் நான் 12,000 லீற்றருக்குக் குறையக் கட்டச் சொல்வதில்லை. இன்னொன்று: தாங்கிக்குத் தீனி வேண்டுமென்று யாரும் சோறு கூட வடிக்கத் தொடங்கிவிடாதீர்கள். சிரிக்க வேண்டாம், நடந்திருக்கிறது.

எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது? மீன் தலை, பழைய எண்ணெய், தேங்காய்ச் சக்கை எல்லாம் சேர்ந்துதான் வருகிறது. (கன்டீன் நடத்துபவர், ஒலுவில்)

சோறு, பருப்பு, பாண், இடியப்பம், பிட்டு, பூசணித் தோல், அழுகிய தக்காளி எல்லாம் முதல் தரம். மீன் தலையும் குடலும் கொஞ்சமாகப் போடலாம். கூடினால் உள்ளே அமோனியா ஏறும், வாயுவில் நாற்றமும் கூடும். முள், எலும்பு, நண்டு ஓடு, முட்டைக் கோது எல்லாம் அடியில் போய்ப் படியும், வேண்டாம். எண்ணெய் விசயத்தில் கவனம். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் கொழுப்புத்தான் கூடுதல் வாயு தரும், ஆனால் மேலே ஆடை கட்டி வழியை அடைத்துவிடும். பொரித்த எண்ணெயை நேராக ஊற்றாதீர்கள். தேங்காய்ச் சக்கை மிதக்கும். அரைத்துத்தான் போட வேண்டும். தேசிக்காய், தோடம்பழத் தோலில் உள்ள எண்ணெய் பற்றீரியாக்களைக் கொல்லும், ஒதுக்குங்கள். கருவாட்டுத் தண்ணி, ஊறுகாய் போன்ற உப்புச் சாமான்களும், சவர்க்காரத் தண்ணியும், நிலம் கழுவுகிற மருந்துத் தண்ணியும் கிட்டவே வரக் கூடாது.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி லஞ்ச் சீட், சோறு சுற்றுகிற அந்தப் பொலித்தீன் தாள். ஒரு கிழமை கவனிக்காமல் விட்டால் உள்வாய்க் குழாய் அடைபட்டுவிடும். அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீனோடு சாப்பாட்டு மிச்சத்தைத் தின்று செத்தது, எட்டு வருசத்தில் இருபதளவில் என்று 2022 ஜனவரியில் செய்தியாக வந்தது. யானை வயிற்றுக்கே ஒத்துக்கொள்ளாதது இந்தத் தாங்கியின் வயிற்றுக்கு எப்படி ஒத்துக்கொள்ளும்?

சாப்பாட்டு மண்டப வாசலில் இரண்டு வாளி வைத்து, முதல் மாதம் அதற்குப் பக்கத்தில் ஒரு ஆளையும் நிறுத்துங்கள். அறிவித்தல் ஒட்டினால் யாரும் வாசிப்பதில்லை. ஆள் நின்றால் பிள்ளைகள் பிரித்துப் போடுகிறார்கள்.

சேர், விடுமுறை விட்டால் வளாகமே வெறிச்சோடிவிடும். ஆறு கிழமை தீனி இல்லாவிட்டால் பற்றீரியா செத்துவிடாதா? (தொழினுட்ப பீட மாணவர்)

தம்பி, இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். வளாகத்துத் தாங்கிகள் பழுதாவதற்கு நான் கண்ட முதல் காரணம் விடுமுறைதான், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை. பட்டினி கிடந்து இவை சாவதில்லை. மட்டக்களப்புச் சூட்டில் இரண்டு மாதம் சும்மா இருந்தாலும் மெதேன் உண்டாக்கும் கூட்டம் சோம்பிக் கிடக்குமே தவிர அழியாது. ஆபத்து, பிள்ளைகள் திரும்பி வந்த முதல் நாளில் இருக்கிறது.

உள்ளே இரண்டு கூட்டம் வேலை செய்கிறது. ஒரு கூட்டம் சோற்றை உடைத்து அமிலமாக்கும். அது வேகமானது, ஒரே நாளில் பெருகிவிடும். மற்றது அந்த அமிலத்தைத் தின்று மெதேனாக மாற்றும். அது மெதுவானது, பெருக நாள்கணக்கில் எடுக்கும். திடீரென்று நிறையக் கொட்டினால் முதல் கூட்டம் அமிலத்தைக் குவித்துவிடும், அடுத்த கூட்டம் அதில் மூச்சுத் திணறி நின்றுவிடும். எல்லாம் புளித்துப்போகும், வாயு வரும், ஆனால் தீப்பற்றாது.

ஒரு விடுதியில் என் மேற்பார்வையிலேயே இது நடந்தது. திறந்த கிழமை வரவேற்பு விருந்து, பிரியாணி மிச்சம் மூன்று நாள் வாளியில் கிடந்தது. “பசியோடு கிடக்கிறது, போடுங்கள்” என்று யாரோ சொல்ல, அவ்வளவையும் ஒரே நாளில் தள்ளிவிட்டார்கள். மீள ஒரு மாதம் எடுத்தது. தீனியை முழுதாக நிறுத்தி, படுவான்கரைப் பட்டி ஒன்றிலிருந்து சாணம் கொண்டுவந்து கரைத்து ஊற்றி, கொஞ்சம் சுண்ணாம்பும் போட்டுக் காத்திருந்தோம். தப்பு என்னுடையது, திறக்கிற அன்று நான் அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் நாள் வழமையில் பத்தில் ஒரு பங்கு. பிறகு இரண்டு கிழமையில் படிப்படியாக முழு அளவு. புளிப்பை அளக்கிற பீஎச் தாள் ஒரு கட்டு வாங்கி வைத்திருங்கள்; 6.8 க்கும் 7.4 க்கும் இடையில் இருந்தால் சரி, 6.5 க்குக் கீழே போனால் தீனியை உடனே நிறுத்துங்கள். விடுமுறைக்குப் போகுமுன் தேங்கியிருக்கும் வாயுவை அடுப்பில் எரித்துவிட்டுப் போங்கள். சும்மா காற்றில் திறந்துவிடக் கூடாது. நூறு ஆண்டுக் கணக்கில் மெதேன், காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும்.

தாங்கி நிறைய வாயு இருக்கிறது, மூடி மேலே எழும்புகிறது. நெருப்புக்குச்சியை வைத்தால் அணைந்துவிடுகிறது. (கல்லடி)

தொடங்கி எத்தனை நாள் என்று எழுதவில்லை. முதல் ஓரிரு கிழமை வருவது பெரும்பாலும் காபனீரொட்சைட்டு; அது எரியாது. திறந்த வெளியில் அதை வெளியேற்றிவிட்டு அடுத்த நிரம்பலுக்குக் காத்திருங்கள். மெதேன் பாதிக்கு மேல் வந்தால்தான் அடுப்பு நிலையாக எரியும். சாணம் போடாமல் சோற்றை மட்டும் போட்டுத் தொடங்கியிருந்தால் மாதக்கணக்கில் காத்திருந்தாலும் வராது. பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு உறை ஊற்றாமல் தயிருக்குக் காத்திருக்கிற கதைதான். முதலில் தாங்கியில் மூன்றில் ஒரு பங்காவது சாணக் கரைசல், அதன் வாயு தீப்பற்றத் தொடங்கிய பிறகு சோறு.

மாதக்கணக்காக நடந்த தாங்கி என்றால் கோளாறு அடுப்பில் இருக்கலாம். சிலிண்டர் அடுப்பின் துளை இதற்கு மிகச் சிறிது, காற்று வழி மிகப் பெரிது. உயிர்வாயுவில் சூடு குறைவு, அழுத்தமும் குறைவு. ஆகவே துளையைப் பெரிதாக்கி, காற்றைக் குறைக்க வேண்டும். உயிர்வாயு அடுப்பே வாங்கினால் இந்தச் சிக்கல் இல்லை. தீ துள்ளித் துள்ளி எரிந்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது. தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு போடுங்கள்.

அழுகிய முட்டை மணம். அயல் வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். (காத்தான்குடி)

மணம் வந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். மூட்டுக்களில் சவர்க்கார நுரை பூசிப் பாருங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும். நெருப்பு வைத்துத் தேடவே கூடாது. அந்த மணம் ஐதரசன் சல்பைட்டு. பாத்திரத்தையும் அடுப்பையும் அரிக்கும். லேத் பட்டறையில் விழுகிற இரும்புச் சுருளைத் துருப்பிடிக்க விட்டு, ஒரு குழாய்த்துண்டில் அடைத்து வாயுவை அதன் வழியாக விட்டால் பெரும்பகுதி பிடிபடும். கறுத்த சுருளை வெளியே எடுக்கும்போது காற்றுப் பட்டுச் சூடாகும். காய்ந்த சருகுக்கு மேல் போட்டுவிடாதீர்கள்.

நான்கு அடி தோண்டினால் தண்ணீர். மணல் நிலம். நிலத்துக்குள் கட்டலாமா? (களுவாஞ்சிகுடி)

எழுவான்கரை, அதாவது மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரப் பக்கம், முழுவதற்கும் இதுதான் பிரச்சினை. வருசத்து மழையில் பாதிக்கு மேல் கார்த்திகை முதல் தை வரையில் கொட்டித் தீர்க்கிற ஊர் இது. அந்த நாட்களில் 10,000 லீற்றர் தாங்கி மண்ணுக்குள் வெறுமையாக இருந்தால், நிலத்தடி நீர் அதைப் பத்துத் தொன் விசையோடு மேலே தள்ளும். சீமெந்தில் குமிழ் வடிவில் கட்டிய தாங்கி ஆனாலும் வெடிப்பு விழும், பிளாஸ்ரிக் என்றால் படகு மாதிரி எழும்பும். கட்டாயம் புதைக்க வேண்டுமென்றால் கச்சான் அடிக்கிற காலத்தில் தோண்டி, முடிந்த அன்றே தண்ணீர் நிரப்புங்கள். மாரியில் ஒருபோதும் வெறுமையாக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால் நிலத்துக்கு மேலேயே வையுங்கள். இமயமலை அடிவாரத்துக் குளிருக்குத்தான் மண்ணின் கதகதப்பு வேண்டும், நமக்கு வெயில் போதும். பூனாவிலுள்ள ஆர்ட்டி நிறுவனம், ஒரு பிளாஸ்ரிக் தாங்கிக்குள் இன்னொன்றைக் கவிழ்த்து வைத்து, சமையலறை மிச்சத்துக்கென்றே ஒரு வடிவம் செய்தது. 2006 இல் அதற்கு ஆஷ்டன் விருதும் கிடைத்தது. மேல் தாங்கி எழும்புகிற உயரத்தைப் பார்த்தே எவ்வளவு வாயு இருக்கிறதென்று சமைக்கிற அக்காவுக்குத் தெரிந்துவிடும். அதுவே பெரிய வசதி. உள்வாயை வெள்ளம் வராத உயரத்தில் வைத்து, மேலே ஒரு தகரத் துண்டைப் போடுங்கள்.

அடியில் மண் சேர்ந்துவிட்டது. ஒரு ஆளை இறக்கி வாரலாமா? (சம்மாந்துறை)

இறக்காதீர்கள். திறந்து இரண்டு நாள் ஆனாலும், மெழுகுதிரி எரிந்தாலும் இறக்காதீர்கள். உள்ளே ஒட்சிசன் இல்லாமல் இருக்கலாம். சேற்றைக் கிண்டினால் அடைபட்டிருந்த ஐதரசன் சல்பைட்டு ஒரேயடியாக வெளியேறும். அளவு கூடினால் மூக்கு அந்த மணத்தை உணர்வதையே நிறுத்திவிடும், ஆகவே மணமில்லை என்று நம்பவும் முடியாது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்து போன கதைகள் உலகம் முழுக்க உண்டு. மலகூட பவுசரை வரவழைத்து, வெளியிலிருந்தே குழாய் விட்டு உறிஞ்சி எடுங்கள்.

விடுதிக் கழிவறைக் குழியையும் இணைத்தால் வாயு கூடுமே? (அக்கரைப்பற்று)

கூடும், ஆனால் கொஞ்சம்தான். அந்த வாயுவில் சமைத்ததைச் சாப்பிட மாட்டோம் என்று பிள்ளைகள் கிளம்பினால் முழுத் திட்டமும் போய்விடும். தவிர, வெளிவரும் கரைசலை மரக்கறித் தோட்டத்துக்கும் விட முடியாமல் போகும். வேண்டாம்.

அந்தக் கரைசலை என்ன செய்வது? (திருக்கோவில்)

வாழைக்கும் தென்னைக்கும் ஒன்றுக்கு மூன்று தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். நைதரசன் அமோனிய வடிவில் இருப்பதால் பயிர் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். அதே காரணத்தால் வெயிலில் திறந்து வைத்தால் பறந்துவிடும். சாப்பாட்டு மிச்சத்தில் உப்பு இருப்பதால் ஒரே பாத்திக்கு நாளும் ஊற்றாமல் இடம் மாற்றுங்கள். ஒரு பங்கை மறுநாள் தீனி கரைக்கத் தண்ணீருக்குப் பதிலாகப் பயன்படுத்தலாம், பாதிக்கு மேல் போகாமல்.

வாயுவைப் பழைய சிலிண்டரில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? (ஒலுவில், மாணவர் மூவர் சேர்ந்து)

முடியாது, முயலவும் கூடாது. சிலிண்டர் காஸ் சிறு அழுத்தத்திலேயே திரவமாகிவிடும், அதனால்தான் 12.5 கிலோ அந்தச் சின்ன உருளைக்குள் அடங்குகிறது. மெதேனை எவ்வளவு அமுக்கினாலும், மறை 82 பாகைக்கு மேல் அது திரவமாகாது. அந்த 12.5 கிலோவின் சூட்டுக்கு ஈடான உயிர்வாயு ஏறத்தாழ 28 கன மீற்றர். ஒரு சின்ன அறை முழுக்க நிரம்பும். உண்டான இடத்திலேயே, அன்றன்றைக்கே எரியுங்கள். குசினிக்கும் தாங்கிக்கும் இடையே தூரம் குறைவாக இருக்கும்படி முதலிலேயே இடம் பார்த்துவிட்டால் குழாய்ச் செலவும் மிச்சம்.