வெள்ளம், புயல் வந்தாலும் தாங்குற மாதிரி பாலம், குடிநீர், வடிகால் எல்லாம் அமைக்க நிதியைக் கூட்டினா மட்டும் போதுமா?

போதாதுங்க. நிதி வேணும்தான், ஆனா அது எதுக்கு வருதுங்கறதுலதான் பாதி சிக்கலே இருக்கு. புதுப் பாலம்னா எப்படியாவது பணம் வந்துடும், அடிக்கல், திறப்பு விழான்னு எல்லாரும் வந்து நிப்பாங்க, அதே பாலத்துக்கு வருஷா வருஷம் மராமத்துக்கு ஒதுக்கணும்னா பட்ஜெட்ல முதல்ல கை வைக்கிறது அதுலதான்.

இத்தாலில ஜெனோவாவுல 1967ல திறந்த மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்னைக்கு இடிஞ்சு விழுந்து 43 பேர் செத்துப்போனாங்க. பாலத்தைத் தாங்கிப் பிடிச்ச எஃகு கம்பிகளைக் கான்கிரீட்டுக்குள்ள வச்சுப் பொதிஞ்சிருந்தாங்க, உள்ள அரிச்சுக்கிட்டே போனது வெளிய கண்ணுக்குத் தெரியல. அதனாலதான் சொல்றேன், ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்கும்போதே அடுத்த 30 வருஷ மராமத்துக் காசையும் சேர்த்து, வேற எதுக்கும் எடுக்க முடியாத மாதிரி தனியா ஒதுக்கிடணும். செலவு ஜாஸ்தின்னு பயப்பட வேண்டாம், வளரும் நாடுகள்ல கட்டும்போதே தாங்குற மாதிரி கட்டினா போடற 1 டாலருக்கு 4 டாலர் பலன்னு உலக வங்கி 2019ல கணக்குப் போட்டிருக்கு.

அடுத்தது இயற்கை, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். நெதர்லாந்துல 1995 வெள்ளத்துல ரெண்டரை லட்சம் பேரை வெளியேத்த வேண்டி வந்துச்சு. நூத்தாண்டுக் கணக்கா கரையை உசத்திக்கிட்டே வந்தவங்க அதுக்கப்புறம்தான் யோசனையை மாத்தி, ஆத்துக்கே இடம் விடுவோம்னு 30க்கு மேல எடத்துல வேலையை எடுத்தாங்க. நைமேகன் நகரத்துக்கிட்ட வால்ங்கற ஆத்தோட கரையை 350 மீட்டர் நிலத்துப் பக்கமா தள்ளி, பக்கத்துலயே இன்னொரு வாய்க்கால் வெட்டினாங்க, வெள்ளம் வந்தா தண்ணி மட்டம் சுமார் 35 சென்டிமீட்டர் குறையும். இதுக்காக வீடு இழந்தவங்களும் இருக்காங்க, அதை மறைக்கக் கூடாது, அவங்ககிட்ட முதல்லயே பேசி நியாயமான ஈடு கொடுக்கறதும் திட்டமிடல்தான்.

நியூயார்க் குடிநீர் கதையும் இப்படித்தான். பல நூறு கோடி டாலர்ல வடிகட்டும் ஆலை கட்டறதுக்குப் பதிலா, 1997ல மேல்மலைப் பக்கம் இருக்கற ஊர்களோட ஒப்பந்தம் போட்டு, நிலம் வாங்கி, செப்டிக் டேங்க்கைச் சரிபண்ணிக் கொடுத்து, மாட்டுச் சாணம் ஓடையில கலக்காம இருக்க விவசாயிகளுக்குக் காசு கொடுத்து, தண்ணியை அது வர்ற எடத்துலயே காப்பாத்தினாங்க. இன்னைக்கும் அதுக்குச் செலவு பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க, மரம் நட்டாச்சுன்னு விட்டுட்டா அதுவும் பாலம் மாதிரிதான்.

இன்னொண்ணு, இயற்கையே எல்லாத்தையும் பாத்துக்கும்னும் நம்பிடாதீங்க. 100 மீட்டர் அகல அலையாத்திக் காடு அலையோட உயரத்தை 13லேர்ந்து 66 சதவீதம் வரை குறைக்கும், ஆனா புயல்ல கடலே எழும்பி வந்தா ஒரு கிலோமீட்டர் காடு இருந்தாலும் தண்ணி மட்டம் 5லேர்ந்து 50 சென்டிமீட்டர்தான் குறையும், அங்க காட்டுக்குப் பின்னாடி கரையும் வேணும், முன்கூட்டியே எச்சரிக்கையும் வேணும்.