டாரன்டுலாவின் உறவில் மிகச் சிறிய சிலந்தி உண்டா?

“டாரன்டுலா என்றாலே உள்ளங்கை அளவு, உடம்பெல்லாம் முடி. அதன் சொந்தக்காரர்களில் பொடிசுகள் உண்டா?” என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. மைக்ரோஹெக்சூரிடே என்ற குடும்பம். இரண்டே இனங்கள், இரண்டும் அமெரிக்காவில்: ஒன்று வடமேற்கில், மற்றொன்று தெற்கு அப்பலாச்சிய மலைகளில். முன்பு வேறொரு குடும்பத்தில் வைத்திருந்தார்கள். 2020-இல்தான் தனிக் குடும்பமாக்கினார்கள்.

அப்பலாச்சியச் சிலந்தி வளர்ந்த பிறகும் 3, 4 மில்லிமீட்டர்தான். ஓர் அரிசி மணியைவிடச் சிறியது! இதைப் போய் டாரன்டுலாவுக்கு உறவு என்கிறார்களே என்று தோன்றும். அளவைப் பார்க்காதீர்கள், பல்லைப் பாருங்கள். வீட்டுச் சிலந்திகளின் நச்சுப்பற்கள் இடுக்கி போல எதிரெதிராக மூடும். டாரன்டுலாவுக்கும் இதற்கும் இரண்டு பற்களும் இணையாக, மேலிருந்து கீழே இறங்கும்.

உயர்ந்த சிகரங்களில் ஃபிர் என்ற ஊசியிலை மரத்தின் நிழலில், பாறைமேல் படர்ந்த பாசிக்கு அடியில் குழாய் போல வலை பின்னி வாழும். பாசி நனைந்து சொட்டவும் கூடாது, காயவும் கூடாது. அவ்வளவு நாசூக்கு. ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்த ஒரு சாறுண்ணிப் பூச்சி ஃபிர் மரங்களைக் கொன்று தள்ளியது. நிழல் போனது, வெயில் பட்டுப் பாசி காய்ந்தது, சிலந்தியும் அருகியது. மரத்துப் பூச்சிக்கும் பாறைச் சிலந்திக்கும் நேரடிப் பகை எதுவுமில்லை, பாருங்கள். 1995-இல் அமெரிக்க அரசு இதை அழியும் அபாயத்தில் உள்ள உயிரினமாக அறிவித்தது.

அப்புறம், கடிக்குமா என்று பயப்பட வேண்டாம். பாசியைப் புரட்டினால் அது ஓடி ஒளிந்துகொள்ளத்தான் பார்க்கும்.