மாடி வீட்டுக்கு மணிலாவிலிருந்து வருகிறார்கள்

கேள்வி: கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஜூன் கடைசியில் பிலிப்பைன்ஸ் குடும்பம் ஒன்று குடிவருகிறது. கணவருக்கு விழிஞ்ஞம் துறைமுகம் சார்ந்த வேலை. மனைவியும் ஆறு வயது மகனும் உடன் வருகிறார்கள். மணிலாவிலிருந்து நேராக இங்கேதான் வருகிறார்கள், ஓராண்டு இருப்பார்களாம். வரவேற்புக்கு ஒரு பரிசுக் கூடை கொடுக்க ஆசை. மாமியார் குத்துவிளக்கும் பட்டுப்புடவையும் என்கிறார். என் கணவரோ பேக்கரி இனிப்புப் பெட்டி ஒன்று போதும் என்கிறார். நான் இரண்டு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ், தேங்காய், மாங்காய் ஊறுகாய் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். 2,000 ரூபாய்க்குள் முடிய வேண்டும். என்ன வைக்கலாம், அக்கா?
— ஒரு வாசகி, குமரி மாவட்டம்

அன்புத் தங்கைக்கு,

பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் எந்த நாட்டிலிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். உலகத்தில் தேங்காய் அதிகம் விளையும் நாடுகளில் பிலிப்பைன்ஸும் ஒன்று. வாழைப்பழம் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறவர்கள். வாழைக்காய் சிப்ஸ்கூட அவர்கள் ஊரில் சர்க்கரைப் பாகு பூசிப் பொட்டலம் பொட்டலமாக வெளிநாட்டுக்குப் போகிறது. மரச்சீனிக் கிழங்கைத் துருவிக் கேக்கே செய்வார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தேங்காயும் இரண்டு கிலோ சிப்ஸும் கொடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான்.

அதற்காக இவற்றை அறவே விட்டுவிடச் சொல்லவில்லை. தேங்காய் எண்ணெயில் பொரித்த நம் உப்புச் சிப்ஸ் அவர்களுடைய இனிப்புச் சிப்ஸிலிருந்து வேறு. கால் கிலோ போதும். பழத்தில் மட்டி ஒரு சீப்பு வையுங்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் மாவட்டத்துப் பழம் அது. வாழைப்பழத்தில் வளர்ந்தவர்கள் கையில் கொடுத்தால்தான் அதன் அருமை பேசப்படும். ஆனால் மட்டி சீக்கிரம் கனிந்து காம்பை விடும். பாதி பழுத்த சீப்பாகப் பார்த்து, அவர்கள் வரும் நாள் காலையில் வாங்குங்கள்.

கூடையின் நடுநாயகமாக நான் வைக்கச் சொல்வது, பாசிப்பயற்றில் செய்யும் நம் ஊர் இனிப்பான முந்திரிக்கொத்து. பிலிப்பைன்ஸில் பாசிப்பயறு வீட்டுச் சாமான். வெள்ளிக்கிழமைகளில், முக்கியமாகத் தவக்காலத்தில், பயற்றங்குழம்பு வைப்பது அங்கே பரவலான பழக்கம். அதே பயற்றை வறுத்துப் பொடித்து, பாகும் தேங்காயும் சேர்த்து உருட்டி, மஞ்சள் கலந்த அரிசிமாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டினாற்போல் எண்ணெயில் விட்டு எடுத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் கண்டிருக்க மாட்டார்கள். தெரிந்த பண்டம், தெரியாத வேஷம். கடைச் சரக்கு வேண்டாம்; உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். குத்துவிளக்கு வேண்டாம் என்று சொல்லப்போகிறோம், அவர் கைக்கு ஒரு வேலை கொடுத்தால்தான் வீட்டில் பேச்சு சுமுகமாக இருக்கும். தேங்காயைப் பொன்னிறமாக வறுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். ஈரம் இருந்தால் ஆடி மழைக்கு முன்பே பூத்துவிடும்.

விளக்கு ஏன் வேண்டாம்? வருகிறவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்களாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வழிபாட்டுப் பொருளை முதல் நாளே ஒருவர் கையில் கொடுத்தால் அதை எங்கே வைப்பது, எப்படி மறுப்பது என்று அவர்கள் திண்டாடுவார்கள். போதாததற்குப் பித்தளைக் கனம். ஓராண்டு கழித்து விமானத்தில் அதற்கும் எடை கட்ட வேண்டும். புடவைக்கு ரவிக்கை தைக்க வேண்டும், கட்டத் தெரிய வேண்டும். பதிலாகப் பாலராமபுரம் துவர்த்து (துண்டு) இரண்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் சட்டென்று உலரும், தலை துவட்டலாம், கூடையின் அடியில் விரித்தால் அழகாகவும் இருக்கும். திருவனந்தபுரம் போகும் சாலையில்தானே பாலராமபுரம் இருக்கிறது? திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில், நம் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன சாலியர்கள் நெசவு செய்த ஊர் அது. கேட்டால் சொல்வதற்கு ஒரு கதையும் ஆயிற்று.

இனி அரிசி. பரிசுக் கூடையில் அரிசியா என்று சிரிக்காதீர்கள். மூன்று வேளையும் சோறு சாப்பிடும் மக்கள் அவர்கள். ஆனால் அளவாகத் தண்ணீர் வைத்து, வடிக்காமல், ஒன்றோடொன்று ஒட்டும் வெள்ளைச் சோறுதான் அவர்களுக்குப் பழக்கம். நம் சிவப்புச் சம்பாவை அப்படி வைத்தால் வேகவே வேகாது. முதல் நாள் இரவு களைத்து வந்து, அரைவேக்காட்டு அரிசியோடு அந்தப் பெண் அடுப்படியில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு கிலோ நல்ல பச்சரிசி வையுங்கள். சிவப்பரிசி அரைக் கிலோவைத் தனியாகக் கட்டி, ‘நிறையத் தண்ணீரில் நெடுநேரம் வேகவைத்து வடிக்க வேண்டும்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். அவர்களுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும்.

மாங்காய் ஊறுகாயை விட்டுவிடலாம். புளிப்பும் உப்பும் அவர்கள் நாக்குக்குப் பிடிக்கும். காரம் சில பகுதிகளைத் தவிரப் பெரிதாகப் பழக்கமில்லை. உப்பு நார்த்தங்காய் சின்ன பாட்டில் ஒன்று வையுங்கள், சோற்றோடு சேரும். சுக்குக் காப்பிப் பொடியும் கருப்பட்டியும் கட்டாயம். இஞ்சி கொதிக்கவைத்துக் குடிப்பது அவர்கள் ஊரிலும் உண்டு. மழையில் தொண்டை கட்டினால் கை தானாக அதைத் தேடும். பொடியில் நல்லமிளகைக் குறைத்துப் போடுங்கள், பிள்ளையும் குடிக்கும். கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும். ஓலையில் கட்டாமல் இறுக்கமான டப்பாவில் போடுங்கள். மார்த்தாண்டம் தேன் சின்ன பாட்டில் ஒன்று சேர்த்தால் தின்பண்டக் கணக்கு முடிந்தது.

இதெல்லாம் பிலிப்பைன்ஸ்காரர் எல்லோருக்கும் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். உங்கள் உறவில் யாராவது வளைகுடாவில் நர்ஸாக இருப்பார்கள், இல்லையென்றால் கப்பலில் இருப்பார்கள். பிலிப்பைன்ஸ்காரர்களோடு ஒரே சமையலறையில் புழங்கியவர்கள் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர். அவர்களிடம் நான்கு வார்த்தை விசாரியுங்கள். வருகிறவர்களிடமே, பையனுக்கு எந்த உணவாவது ஒவ்வாதா என்று வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுங்கள். நிலக்கடலை, முந்திரிப்பருப்பு ஒவ்வாத குழந்தைகள் உண்டு.

தின்பண்டத்தைவிட முதல் வாரத்தில் கைகொடுப்பவை வேறு. அவர்கள் நாட்டு பிளக் தட்டையான இரண்டு கம்பி; நம் சுவரில் உருண்டைத் துளை. மின்னழுத்தம் அங்கே 220, இங்கே 230 வோல்ட் என்பதால் கருவி எரியாது, செருகத்தான் முடியாது. ஆகவே அடாப்டர் இரண்டு. (அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வருபவர்கள் என்றால் இதையே சொல்ல மாட்டேன், அங்கே முறையே 120, 100 வோல்ட்.) கொசுவர்த்திச் சுருள், ஒரு டார்ச், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு, ஒரு குடை. பத்தும் இருபதுமாக முந்நூறு ரூபாய்க்குச் சில்லறை ஒரு துணிப்பையில். பஸ்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்குத் தெரியும். பதிமுகம் பொட்டலம் ஒன்றும் வையுங்கள். ஓட்டலில் இளஞ்சிவப்பு வெந்நீரைக் கொண்டுவந்து வைத்தால் புதியவர்கள் மிரண்டுபோகிறார்கள். அது மரச்சீவல் போட்டுக் கொதிக்கவைத்த குடிநீர்தான் என்று முன்கூட்டியே தெரிந்தால் பயமில்லை.

பிறகு ஓர் அட்டை. கடையில் விற்கும் பளபள வாழ்த்து அட்டை அல்ல, உங்கள் கையெழுத்தில் எழுதியது. வீட்டில் யார் யார், யாரை எப்படிக் கூப்பிடலாம், உங்கள் எண், அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, குப்பை எடுக்கும் நாள், மோட்டார் போடும் நேரம், பக்கத்துத் தேவாலயங்களில் திருப்பலி நேரம். முக்கியமாக ஊர்ப் பெயர்கள். 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தோம். நமக்குத் தமிழ், மலையாளம் இரண்டு எழுத்தும் பழகிய சங்கதி. புதிதாக வருகிறவர் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் நின்றால் ஒரு பஸ்ஸின் பலகை தமிழில் இருக்கும், அடுத்ததன் பலகை மலையாளத்தில் இருக்கும். களியக்காவிளை, மார்த்தாண்டம், பாறசாலை, விழிஞ்ஞம், திருவனந்தபுரம் ஆகிய ஐந்தையும் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று எழுத்திலும் பெரிதாக எழுதுங்கள். அதை அவர் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வார்.

எல்லாவற்றையும் மூடி போட்ட பனையோலைப் பெட்டியில் அடுக்குங்கள். பளபளக்கும் பாலிதீன் சுற்றிய பிரம்புக்கூடைக்குக் கொடுக்கும் காசில் பாதிச் சாமான் வாங்கிவிடலாம். ஓலைப்பெட்டி பிறகு வெங்காயம் போட்டு வைக்க உதவும்.

கொடுக்கும் விதத்தில் ஒன்றே ஒன்று: மாடியில் மேசைமேல் வைத்துவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள். திறந்து காட்டச் சொல்லி, தின்னச் சொல்லி, குடும்பமே சுற்றி நிற்க வேண்டாம். பன்றி இறைச்சி அவர்கள் சமையலில் சாதாரணம். உங்கள் வீட்டில் அதற்குத் தடை உண்டென்றால் ஒப்பந்தம் போடும்போதே வாயால் சொல்லிவிடுங்கள், வரவேற்புக் கூடைக்குள் சீட்டாக வைக்காதீர்கள்.

கூடைக்கு அப்பால் ஒரு கடமை உங்கள் கணவருக்கு இருக்கிறது. வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர், அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும். முன்பு சி படிவம் என்று சொல்வார்கள். கடவுச்சீட்டு, விசா நகல்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளட்டும். இனிப்புப் பெட்டி வாங்காமல் மிச்சம் பிடித்த நேரத்தை இதற்குச் செலவிடலாம்.

இன்னொன்று. நெத்திலிக் கருவாடு அவர்கள் காலைச் சாப்பாட்டிலேயே இடம்பெறும் பண்டம். குளச்சல் பக்கத்துக் கருவாடு கிடைத்தால் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் பெட்டிக்குள் வைத்தால் முந்திரிக்கொத்து முதல் துவர்த்து வரை அதே வாசம் அடிக்கும். மூன்றாம் நாள், வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தனிப் பொட்டலமாகக் கொடுங்கள். அவர்கள் அதை வறுக்கும் வாசம் மாடிப்படி வழியாக இறங்கி வரும் என்று மாமியாரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.