அந்தத் தட்டை நீங்கள் வாங்கியிருக்க வேண்டும்

கேள்வி: 1998 முதல் ஹூஸ்டனில் இருக்கிறோம். என் மகன் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட பெண் மெக்சிகன். அவர்கள் குடும்பம் பல தலைமுறையாக சான் அன்டோனியோவில் இருக்கிறது. மகனும் அவளும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். அவள் ஃபார்மசிஸ்ட். ஸ்பானிஷ் பொண்ணு என்றதும் கோபக்காரியாக இருப்பாளோ என்று பயந்தேன். அப்படியெல்லாம் இல்லை, தங்கமான குணம். போன வருஷம் கொலுவுக்கு வந்திருந்தாள். என் தோழி ஒருத்தி, சனிக்கிழமை வரும் க்ளீனிங் லேடி என்று நினைத்துச் சாப்பிட்ட தட்டை அவளிடம் நீட்டிவிட்டாள். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போய் சிங்கில் போட்டாள், அவ்வளவு பொறுமை. ஆனால் அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. தீபாவளிக்கு டியூட்டி, பொங்கலுக்குத் தலைவலி. மகனைக் கேட்டால் "யோசிச்சுப் பாரும்மா" என்கிறான். அவள் மனம் குளிர நான் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ளட்டுமா? நல்ல பட்டுப்புடவையாக எடுத்துக் கொடுக்கட்டுமா? (இத்தனைக்கும் அவளுக்கே ஸ்பானிஷ் சரியாக வராதாம்!)
– பெயர் வேண்டாம், ஹூஸ்டன்

பதில்: புடவை பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் அந்தத் தட்டு.

வேற்றினத்து மருமகள் வந்த வீடுகளிலிருந்து வரும் கடிதங்களில் முக்கால்வாசி இதே தினுசுதான். நடந்ததை நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்றுமே புரியவில்லை என்பார்கள். "சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்தது தெரிந்ததென்றால், முகம் தெரிகிற தூரத்தில் நின்றிருக்கிறீர்கள். உங்கள் வீடு, உங்கள் கொலு, உங்கள் தோழி. அந்தக் கூடத்தில் வாய் திறக்க வேண்டியவர் நீங்கள்தான். திறக்கவில்லை.

அந்தச் சிரிப்பைப் பொறுமை என்று வேறு மெச்சுகிறீர்கள். அமெரிக்காவில் லத்தீனப் பெண்களுக்கு (மெக்சிகோ, பிரேசில் மாதிரி லத்தீன் அமெரிக்க நாடுகளில் வேர் உள்ளவர்கள்) அந்தச் சிரிப்பு பள்ளிக்கூட வயசிலேயே பழகிவிடும். துணிக்கடையில் நின்றால் கடைப் பணியாளர் என்று நினைத்து சைஸ் கேட்பார்கள். மருத்துவராகவே இருந்தாலும், நோயாளியின் அறைக்குள் போனால் காலித் தட்டை எடுத்துப் போகச் சொல்வார்கள். குழந்தை அப்பாவின் நிறத்தில் பிறந்திருந்தால் பார்க்கில் "எந்த வீட்டில் ஆயா வேலை?" என்று கேட்பார்கள். மறுத்துப் பேசலாமே என்றால், குரல் கொஞ்சம் ஏறினாலே போதும், "லத்தீன் ரத்தம், சட்டென்று கொதிக்கும்" என்று முடித்துவிடுவார்கள். வாய் திறந்தால் கோபக்காரி, திறக்காவிட்டால் வேலைக்காரி. உங்கள் தோழி இரண்டாவது பட்டத்தைக் கொடுத்தார். முதலாவதை நீங்கள் கல்யாணத்துக்கு முன்பே தயாராக வைத்திருந்தீர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் சிரித்தாள்.

இந்த இரண்டு பட்டங்களையும் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது சினிமா. 1939 முதல் 1943 வரை லூப்பே வேலஸ் என்ற மெக்சிகோ நடிகையை வைத்து ஹாலிவுட்டில் எட்டுப் படங்கள் எடுத்தார்கள். அந்த வரிசைக்கு 'மெக்சிகன் ஸ்பிட்ஃபயர்' என்றே பெயர். தொட்டால் வெடிக்கிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் லூப்பே ஒன்டிவெரோஸ், உங்கள் டெக்சாஸ்காரர், எல் பாசோவில் பிறந்தவர். 2012-ல் காலமானார். மேடையிலும் திரையிலுமாக வேலைக்காரி வேடம் மட்டும் 150 தடவையாவது போட்டிருப்பேன் என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். (இரண்டு பேருமே லூப்பே. குவாதலூப்பே மாதாவின் பெயரைச் சுருக்கிக் கூப்பிடுவது; நம் ஊரில் மாரியம்மாள் மாரி ஆவதைப் போல.) டிவி பார்த்துத்தானே நீங்களும் பயந்திருப்பீர்கள்?

வீட்டு வேலைக்கு வருபவரும் பார்ப்பதற்கு அப்படித்தானே இருக்கிறார் என்று தோழிக்கு வக்காலத்து வாங்காதீர்கள். அமெரிக்காவில் வீடு சுத்தம் செய்யும் வேலையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் லத்தீன் வம்சாவளியினர் என்பது உண்மை. அதைத் திருப்பிப் போட்டால் பொய். வேலைக்குப் போகும் லத்தீனப் பெண்கள் அந்த நாட்டில் ஒரு கோடிக்கும் மேல். வீடு துடைப்பவர்கள் அதில் சிறு பங்குதான். அமெரிக்க மோட்டல்களில் பெரும் பங்கு குஜராத்திகள் கையில் இருக்கிறது. அதற்காக எவனாவது உங்களிடம் வந்து ரூம் சாவி கேட்டால் கொடுத்துவிட்டுச் சிரிப்பீர்களா?

"ஸ்பானிஷ் பொண்ணு" என்பதையும் இன்றோடு விடுங்கள். ஸ்பெயின் ஐரோப்பாவில் இருக்கிறது. பிரேசில்காரி போர்த்துகீசியம் பேசினாலும் லத்தீனப் பெண்தான். ஸ்பெயின்காரி ஸ்பானிஷே பேசினாலும் அந்தக் கணக்கில் வருவதில்லை. டெல்லியில் நம்மை எல்லாம் மதராசி என்று ஒரே கூடையில் போட்டபோது பொத்துக்கொண்டு வந்ததே கோபம்! சான் அன்டோனியோவில் அவள் வயசுப் பெண்கள் மெக்சிகன் அமெரிக்கன் என்பார்கள், தெஹானா (மெக்சிகோ வம்சாவளி டெக்சாஸ்காரி) என்பார்கள், சிலர் டெக்சாஸ்காரி என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அவளுக்கு எது பிடிக்கும் என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. 1836 வரை டெக்சாஸ் மெக்சிகோவில் இருந்தது. 1845-ல்தான் அமெரிக்காவோடு சேர்ந்தது. அங்கே பழைய குடும்பங்கள் பலவும் எல்லையைத் தாண்டி வந்தவை அல்ல. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போயிற்று. 1998-ல் விமானத்தில் வந்திறங்கிய நம் ஆட்கள் அந்தப் பெண்ணிடம் "நீங்க எப்ப இந்த நாட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்ப எனக்குத் தெம்பில்லை.

ஸ்பானிஷ் கற்கலாமா என்கிறீர்கள். அவளுக்கே வராது என்பதை ஆச்சரியக்குறி போட்டு அடைப்புக்குள் வைத்திருக்கிறீர்கள். ஏன் வராது தெரியுமா? பள்ளியில் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்த வேண்டும் என்று 1918-ல் டெக்சாஸில் சட்டம் வந்தது. 1960கள் வரைகூட, விளையாட்டு மைதானத்தில் ஸ்பானிஷில் பேசிய பிள்ளைக்கு அடி விழுந்தது, "ஸ்பானிஷ் பேச மாட்டேன்" என்று இம்போசிஷன் எழுத வைத்தார்கள். அடி வாங்கிய தலைமுறை, என் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறியது. அதன் பேத்திகளை இன்று இரண்டு பக்கமும் கேலி செய்கிறார்கள்: வெள்ளைக்காரர் "ஸ்பானிஷ் தெரியாதா?" என்பார், மெக்சிகோவிலிருந்து வந்த உறவுக்காரர் "போச்சா" என்பார். தன் வேரை விட்டவள் என்று அர்த்தம். இந்த நிலையில் நீங்கள் செல்போனில் நாலு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு போய் அவள் முன்னால் ஒப்பித்தால், ஆறாத இடத்தில் விரலை வைப்பதாகும்.

இனி செய்ய வேண்டியது. முதல் போன் தோழிக்கு. "கொலு அன்னிக்கு நீ தட்டைக் குடுத்தது என் மருமக கிட்ட. நான் அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லலை. அடுத்த தடவை பார்க்கும்போது நீ அவகிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கணும்." இவ்வளவுதான். "ஐயையோ, பார்த்தா அப்படித்தானே இருந்தா" என்று அவர் இழுப்பார். இழுக்க விடாதீர்கள். நட்பு போய்விடுமே என்றால், போகட்டும்.

அந்த போனில் ஒரு வாக்கியம் வாய் தவறியும் வரக்கூடாது: "அவ வேலைக்காரி இல்லடி, ஃபார்மசிஸ்ட்." எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். கெட்டிக்காரத்தனமாக எல்லன் ஒச்சோவாவைக்கூட இழுப்பார்கள்: 1993-ல் விண்வெளிக்குப் போன முதல் லத்தீனப் பெண், உங்கள் ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்துக்கே 2013 முதல் 2018 வரை தலைவராக இருந்தவர். உண்மைதான். ஆனால் படிப்பைக் காட்டி மரியாதை வாங்கிக் கொடுத்தால், படிக்காதவளிடம் தட்டை நீட்டலாம் என்று ஆகிறது. சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகிறாரே, அவரையும் சேர்த்து இறக்குகிறீர்கள். "என் மருமகள்" என்ற ஒரு சொல் போதாதா?

அடுத்தது அவளிடம், நேரில். வாட்ஸப்பில் கூடாது, மகனைத் தூது அனுப்பக் கூடாது. ஆங்கிலத்தில் சொல்லுங்கள்; விஷயம் நான்கே வாக்கியம். "கொலுவன்று என் தோழி உன்னை வேலைக்கு வந்தவள் என்று நினைத்துத் தட்டைக் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேசாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பு." ஐந்தாவது வாக்கியம் "ஆனால்" என்று தொடங்கினால் முதல் நான்கும் வீண். "அவள் தெரியாமல் செய்துவிட்டாள்" வேண்டாம். "எனக்கும் இந்த ஊரில் இப்படி நடந்திருக்கிறது" வேண்டாம். அழ வேண்டாம், நீங்கள் அழுதால் அவள் எழுந்து வந்து உங்களுக்குத் தண்ணீர் கொடுத்துச் சமாதானம் செய்ய வேண்டியிருக்கும், மறுபடியும் அவளுக்கே வேலை. "இட்ஸ் ஓகே" என்று சிரிப்பாள். அது கொலுவன்று பார்த்த அதே சிரிப்பு. அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாகிவிடாதீர்கள். "ஓகே இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு அவள் பேசும்வரை சும்மா இருங்கள். பேசாமலும் போகலாம்.

அடுத்த கொலுவுக்கு அழைத்தால், வருகிறவர்களுக்குக் குங்குமம் கொடுக்க வாசலில் உங்களோடு நிற்க விருப்பமா என்று கேளுங்கள். கத்தோலிக்கக் குடும்பமாக இருக்கலாம். குங்குமச் சிமிழைத் தொட மனசில்லாமல் போகலாம். அப்படியானால் வற்புறுத்தாமல் பக்கத்தில் நாற்காலி போடுங்கள். யார் உள்ளே வந்தாலும், செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் பெயரைச் சொல்லி "என் மருமகள்" என்று அறிமுகம் நடந்திருக்க வேண்டும். தாம்பூலம் கொடுக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் யாராவது தட்டை நீட்டியிருப்பார்கள். நீட்டினால் உங்கள் கை முந்த வேண்டும். மாமியார் ஸ்தானத்துக்கு இதைவிடப் பெரிய வேலை எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. சீரும் புடவையும் இதற்கு அப்புறம்தான்.

உங்கள் மகனுக்கும் ஒரு குட்டு. "யோசிச்சுப் பாரும்மா" என்று அம்மாவுக்கு விடுகதை போடுகிறவன், அன்றைக்கு அந்தக் கூடத்தில் இல்லையா? இருந்தானென்றால் நீங்கள் சொல்லப்போகும் நான்கு வாக்கியத்தை அவனும் தனியாக அவளிடம் சொல்ல வேண்டும். இதைக் கடிதத்தோடு அவனிடம் காட்டுங்கள்.

ஹூஸ்டனிலிருந்து சான் அன்டோனியோவுக்கு ஐ-10 சாலையில் மூன்று மணி நேரம். சனிக்கிழமை காலை எட்டுக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். கிளம்புமுன் வரலாமா என்று கேளுங்கள், மகனிடம் வேண்டாம், அவளிடம். இந்தச் சனிக்கிழமை டியூட்டி என்றாளானால் அடுத்த சனிக்கிழமை கேளுங்கள்.