முதியோருக்கான சேவைகளை நடத்துவதில் முதியோரையே ஈடுபடுத்துவது நடைமுறைக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும். ஆனால் கருத்துக் கேட்பு என்று ஒரு நாள் கூட்டி உட்கார வைத்து, கையெழுத்து வாங்கி, தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவதை ஈடுபாடு என்று நான் சொல்லமாட்டேன். நாளும் நேரமும் இடமும் முடிவாவதற்கு முன்பே அவர்கள் பேசியிருக்க வேண்டும்.

கடலூரை அடுத்த தாழங்குடாவில் இருக்கும் என் பெரியம்மா ஐம்பது ஆண்டுகளாக மீன் விற்கிறார். ஐஸிலும் செதிலிலும் உழன்ற விரல்களில் ரேகை தேய்ந்துபோயிற்று. முதியோர் உதவித்தொகையான 1200 ரூபாயைக் கொடுக்க வரும் வங்கி முகவர் கருவியில் விரலை வைக்கச் சொல்வார். பெரியம்மா முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பார். மூன்றாம் முறையும் கருவி ஏற்காது. போதாக்குறைக்கு, முகவர் வருவதோ வியாபாரம் சூடாக இருக்கும் காலை ஒன்பது மணிக்கு.

சென்ற ஆண்டு தெருப் பெரியவர்கள் பதினைந்து பேர் சேர்ந்து, ரேகை பதியாதவர்களின் பட்டியலைத் தாங்களே எழுதி, அவர்களுக்குக் கிளையிலேயே பணம் தர வேண்டும், மற்றவர்களுக்கு மாலை நான்கு மணிக்குக் கோயில் திண்ணையில் தர வேண்டும் என்று மேலாளரிடம் நேரில் கேட்டார்கள். இரண்டும் நடந்தன. இளைஞர்களான நாங்கள் அதற்கு முன் எழுதிய மனுக்களில் அந்தத் திண்ணை எங்களுக்குத் தோன்றவே இல்லை. படியேற முடியாதவர்களுக்குத்தானே உட்காரும் உயரம் தெரியும்!

இது எங்கள் மாவட்டத்துக்குப் புதிதும் அன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரையோரத்தில் முதியோர் சுய உதவிக் குழுக்கள் உருவாயின. வாங்கும் கையாகவே பார்க்கப்பட்டவர்கள் சிறு சேமிப்பைத் திரட்டி, யாருக்கு எவ்வளவு கடன் என்று தாங்களே தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானிக்கும் உரிமைதான் முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொகை எவ்வளவு என்பது அதற்கு அடுத்ததே.

உங்கள் ஊரில் தொடங்க விரும்பினால் கிராம சபையிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. பெரியவர்களின் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதச் செய்து, பதிவேட்டில் ஏறியதை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காது மந்தமானவர்களை முன்வரிசையில் அமர்த்துங்கள். நடக்க முடியாதவரை அழைத்துவர முன்கூட்டியே ஆட்டோ பேசிவையுங்கள். பிள்ளைகள் குறுக்கிட்டு, 'அம்மா என்ன சொல்ல வர்றாங்கன்னா' என்று ஆரம்பித்தால், அன்போடு தடுத்து, அம்மாவையே சொல்லவிடுங்கள்.